நட்டும் கைத்தராசும்

கோயம்புத்தூரில் என் மைத்துனர் வீட்டுக் கார் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில் காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரான அவர், பூஜையை முடித்து, நெற்றித் திருநீறு கலையாமலே பழைய லுங்கியொன்றைச் சுற்றிக்கொண்டு, தம்முடைய 1966-ஆம் வருஷத்து வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்சக்கரத்துக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள பளபளப்பான மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் ஒரே ஒரு நட்டைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்நிதியில் நிற்பவரின் பார்வைக்கும் அந்தப் பார்வைக்கும் அதிக பேதம் இராது. அந்த நட்டு அவருக்கு ஒரு பாடம் கற்பித்திருந்தது. அதற்கு அவர் கொடுத்த தட்சிணையும் சொற்பமன்று.

பஞ்சர் ஆனால் கழற்றி மாட்டுகிறோமே, அந்த நட்டுகளையும் போல்ட்டுகளையும் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவை டிரம்மோடு சக்கரத்தைப் பிணைப்பவை. நான் சொல்ல வந்தது, அந்த டிரம்மையே அச்சின் நுனியில் பிடித்து நிறுத்தும் மைய நட்டைப் பற்றி. பீட்டிலில் அது 36 மில்லிமீட்டர் ஸ்பேனர் கேட்கும் நட்டு. கோட்டை மதிலின் மேல்விளிம்பைப் போல் ஆறு வெட்டுகள் கொண்டது. 24 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரையின்மேல் ஏறுவது. அதை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கேட்டால், ஆங்கிலப் புத்தகங்கள் 217 அடி-பவுண்டு என்றும், ஜெர்மானியர் தம் பழைய கணக்கில் 30 கிலோகிராம்-மீட்டர் என்றும், இக்காலத்துக் கருவிகள் ஏறத்தாழ 294 நியூட்டன்-மீட்டர் என்றும் சொல்லும். மூன்றும் ஒன்றே. சாதாரணக் கார் ஒன்றின் சக்கர நட்டு கேட்பது நூறு நியூட்டன்-மீட்டரையொட்டிய முறுக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால், இது எத்தனை பெரிய பசி என்பது விளங்கும்.

வீட்டில் இதைச் செய்யத் துணிவானேன் என்று கேட்கலாம். பீட்டில் அப்படிப்பட்ட வண்டி. ஜெர்மனியில் பிறந்து, 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளிவரும்வரை இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேல் உருவான அந்தக் கார், உலகெங்கும் சொந்தக்காரர்களின் கையாலேயே பிரித்துப் பூட்டப்பட்டு வந்திருக்கிறது. 1969-இல் ஜான் முயிர் என்ற பொறியாளர் அமெரிக்காவில் எழுதி வெளியிட்ட நூல் ஒன்று, வோக்ஸ்வாகனை உயிரோடு வைத்துக்கொள்வது எப்படி என்பதை யந்திர ஞானமே இல்லாதவருக்கும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆயிரமாயிரம் பேரைக் கையில் ஸ்பேனர் எடுக்க வைத்தது. (காடுகளைக் காக்கப் பாடுபட்ட ஜான் முயிர் வேறொருவர், பெயர் மட்டுமே ஒன்று.) என் மைத்துனரும் அந்த நூலின் சிஷ்யர்தாம்.

முறுக்கு என்பது என்ன? நம் நாட்டுப்புறத்தில் ஏற்றம் இறைத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தனியே பௌதிக சாஸ்திரம் வேண்டியதில்லை. ஏற்றமரத்தின்மேல் நடக்கும் ஆள், தன் உடம்பின் எடையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அச்சுக்கு அருகில் நிற்கும்போது அசையாத சால், அவன் நாலடி தள்ளிப் போனதும் நீரோடு மேலே வருகிறது. எடையோடு தூரத்தைப் பெருக்கி வருவதே முறுக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், நட்டின் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரைக்குச் சமமாகக் கிடக்கும் கம்பியின்மேல் அசையாமல் நின்றால், அறுபதையும் அரையையும் பெருக்கக் கிடைப்பது முப்பது கிலோகிராம்-மீட்டர்; பீட்டில் கேட்பது அதே முப்பதுதான். கம்பி சமமாகக் கிடக்க வேண்டும் என்பது முக்கியம். அது முப்பது பாகை சாய்ந்திருந்தால் முப்பது இருபத்தாறாகிவிடும். நாற்பத்தைந்து பாகை சாய்ந்தால் இருபத்தொன்றுக்கு இறங்கிவிடும். எடையும் குறையவில்லை, கம்பியும் குறுகவில்லை. அச்சிலிருந்து செங்குத்தாக அளந்த தூரம் மாத்திரம் குறைந்துபோயிற்று.

இவ்வளவு முறுக்கும் எங்கே போகிறது என்பதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நூறு பங்கு முறுக்கில் சுமார் ஐம்பது பங்கை நட்டின் அடிமுகமும் வாஷரும் உரசியே தின்றுவிடுகின்றன. இன்னொரு நாற்பது பங்கை மரைகள் தங்களுக்குள் உரசித் தீர்த்துவிடுகின்றன. மிஞ்சும் பத்துப் பங்கே நாம் உத்தேசித்த காரியத்தைச் செய்கிறது. அக்காரியம் என்னவெனில், அச்சின் நுனியை ஒரு மயிரிழை இழுத்து நீட்டுவது. ஆம், அந்தத் தடித்த எஃகு ரப்பரைப் போல நீளத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு, மறுபடி சுருங்க முயன்று, அந்த முயற்சியினாலேயே டிரம், இடைவளையம், பேரிங்கின் உள்வளையம் யாவற்றையும் ஒரே கல்லாக நெருக்கிப் பிடிக்கிறது. உலர்ந்த எஃகுக்குப் பொறியாளர்கள் வழக்கமாய்க் கொள்ளும் உராய்வுக் கணக்கின்படி பார்த்தால், 294 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் அந்தப் பிடிப்பு ஆறு டன்னைத் தாண்டுகிறது. ஏழெட்டு பீட்டில் கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாரம் அது. மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே எண்ணுக்கு முடுக்கினாலோ, உராய்வு விழுங்கும் பங்கு குறைந்து, மிச்சமெல்லாம் அச்சை இழுப்பதில் சேர்ந்து, பிடிப்பு எட்டு டன்னுக்கும் ஏறிவிடக் கூடும். ஆகையால் மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் இட வேண்டுமா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொண்டே காரியத்தில் இறங்க வேண்டும். எண்ணை மட்டும் படித்தவன் பாதியே படித்தவன்.

பிடிப்புக் குறைந்தால் என்ன ஆகிறது? டிரம்மின் உட்புறத்திலும் அச்சின் வெளிப்புறத்திலும் நீளவாக்கில் பல்வரிசைகள் உண்டு. பட்டறைக்காரர்கள் அவற்றை ஸ்பிளைன் என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டுமானால் இரண்டுக்கும் இடையில் துளியளவாவது சந்து இருந்தாக வேண்டும். நட்டின் பிடி சரியாக இருக்கும்வரை அந்தச் சந்து உறங்கிக்கொண்டிருக்கும். பிடி தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் பல்லின் ஒரு பக்கமும், பிரேக் பிடிக்கும்போது மறுபக்கமும் மோதும். நாளடைவில் பல் தேய்ந்து, ஒருநாள் எஞ்சின் சுழல, அச்சும் சுழல, சக்கரம் மாத்திரம் சும்மா நிற்கும். அது மலைப்பாதையாய் இருந்துவிட்டால் என்ன கதி என்று விவரிக்க நான் விரும்பவில்லை.

என் மைத்துனருக்கு மலைப்பாதை வரை போகும் துரதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பின்பிரேக்குகளைப் புதுப்பித்துவிட்டு டிரம்மை மாட்டிய அவர், லாரிப் பட்டறை ஒன்றிலிருந்து முக்கால் இஞ்ச் கட்டையுள்ள பெரிய டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். வீடுகளில் இருக்கும் அரை இஞ்ச் ரெஞ்சுகளில் அநேகம் 200 அல்லது 210 நியூட்டன்-மீட்டரோடு நின்றுவிடுவதால், அந்த இரவல் அவசியமானதே. புத்தகத்தைப் பிரித்து வைத்து, 217 என்ற எண்ணை ரெஞ்சின் பிடியில் திருப்பி வைத்து, ‘டக்’ என்று அது சொல்லும்வரை இழுத்து, ஸ்பிளிட் பின்னை மாட்டி, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மூன்று மாதம் கழித்து, ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்புறத்தில் யாரோ விரலை மடக்கித் தகரத்தில் தட்டுவதுபோல் ஒரு சப்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, நட்டைச் சுற்றிலும் குங்குமம் உதிர்ந்தாற்போல் செம்பழுப்புப் பொடி. எஃகு எஃகோடு உரசி உண்டான துருப்பொடி அது. ரெஞ்சைக் கொடுத்த பெரியவர் வந்து பார்த்தார்.

“ஏனுங் சார், எத்தனைல வெச்சு முடுக்குனீங்க?”

“இருநூத்திப் பதினேழுங்க. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது.”

“புஸ்தகம் அடிக் கணக்குங்க, சார். ரெஞ்சு மீட்டர் கணக்கு. முக்கா வாசிதான் ஏறியிருக்குது.”

உண்மையில் முக்காலுக்கும் ஒரு பிடி குறைவு. 294-இல் 217 என்பது நூற்றுக்கு எழுபத்து நாலு. அடி-பவுண்டுக்கும் நியூட்டன்-மீட்டருக்கும் இடையில் காணாமற்போன அந்தக் கால்பங்குக்காக ஒரு டிரம்மும் ஒரு பின் அச்சும் போயின. வாழ்நாள் முழுவதும் டாலரையும் ரூபாயையும் பிழையின்றி மாற்றிக் கணக்கெழுதிய மனிதர், நாணயம் எது என்று பாராமல் எண்ணை மட்டும் நம்பியது இந்த ஓரிடத்தில்தான் என்று நான் பரிகாசம் செய்ததற்கு, இன்றுவரை அவர் என்னை முழுமையாக மன்னிக்கவில்லை.

இரண்டாம் முறை பெரியவரிடம் ரெஞ்சைக் கேட்க அவருக்குக் கூச்சமாயிருந்தது. பெரியவரோ, கம்பியின்மேல் ஏறி நின்றால் தீர்ந்தது என்றார். கணக்குப்படி அது சரியே. நிற்பவரின் எடையும், நிற்கும் தூரமும், கம்பியின் மட்டமும் தெரிந்திருந்தால். ஆனால் ஏறி நிற்பதற்கும் ஏறிக் குதிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாரத்தை மெல்ல இறக்கினால் உள்ளபடி இறங்குகிறது. பொத்தென்று வைத்தாலே இரண்டு மடங்காய் விழுகிறது. குதித்தால் எத்தனை மடங்கு என்று யார் கணக்குச் சொல்வது? மேலும் சாக்கெட் நழுவினால், நின்றவர் பல் தரையில் கிடக்கும். அறுபத்தைந்து வயதில் அது வேண்டாம் என்று முடிவாயிற்று.

அரிசிச் சிப்பம் இருபத்தைந்து கிலோ சரியாக இருக்கிறதே, அதைக் கம்பியில் 1.20 மீட்டரில் தொங்கவிட்டால் முப்பது வந்துவிடுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். மைத்துனர் ஸ்கேலை எடுத்து வந்து அளந்து காட்டினார். சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஓரடி உயரம். சிப்பத்தின் நீளம் இரண்டடி. சிப்பம் கம்பியில் தொங்காது, தரையில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். என் யோசனை தள்ளுபடியாயிற்று.

கடைசியில் உபாயம் பீரோவுக்குள்ளிருந்து வந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகள் விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம், பருப்புப் பொடியும் வடகமும் நிரம்பிய பெட்டி விமானக் கம்பெனியின் வரம்பைத் தாண்டுகிறதா என்று தூக்கிப் பார்ப்பதற்காக வாங்கிய, கொக்கியோடு கூடிய கைத்தராசு. ஐம்பது கிலோ வரை காட்டும். நட்டில் சாக்கெட்டை மாட்டி, அதில் பவர் பாரைக் கொடுத்து, பாரின்மேல் ஜி.ஐ. பைப் ஒன்றைச் செருகி, நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் பைப்பின்மேல் சுண்ணாம்பால் கோடு கிழித்து, அங்கே கயிற்று வளையம் ஒன்றைக் கட்டி, தராசின் கொக்கியை மாட்டியாயிற்று. சக்கரத்துக்கு எதிரே நின்று பார்க்கையில் கம்பி இடக்கைப் பக்கம் நீட்டியிருக்கிறது. அதை மேல்நோக்கித் தூக்கினால் நட்டு கடிகார முள்ளின் திசையில் இறுகும். தூக்குபவருக்குத் தராசே முறுக்கைச் சொல்லிவிடும். ஒரு மீட்டரில் முப்பது கிலோ என்றால் முப்பது கிலோகிராம்-மீட்டர். பெருக்கவும் வேண்டியதில்லை, வகுக்கவும் வேண்டியதில்லை.

என்றாலும் கம்பிக்கும் எடை உண்டே! பாரும் பைப்பும் சேர்ந்து நாலு கிலோ. விரல்மேல் நிறுத்திப் பார்த்ததில் அதன் நடுப்புள்ளி நட்டிலிருந்து அறுபது சென்டிமீட்டரில் இருந்தது. ஆக 2.4 கிலோகிராம்-மீட்டர் நமக்கு எதிராகக் கீழ்நோக்கி இழுக்கிறது. அதையும் ஈடுகட்டத் தராசு 32.4 காட்ட வேண்டும். மைத்துனர் முகத்தில் அன்றுதான் பழைய வங்கி ஒளி திரும்பியது.

தூக்குவதிலும் ஒரு நியமம் உண்டு. கயிறு கம்பிக்குச் செங்குத்தாகவே நிற்க வேண்டும். பைப் தரைக்குச் சமமாக இருக்கும் கட்டத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். அதையும் நட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போதே படிக்க வேண்டும். நின்றுபோன நட்டை மீண்டும் கிளப்பக் கூடுதல் விசை தேவைப்படுவதால், நகராத நட்டில் தராசு முப்பத்திரண்டைக் காட்டுவது பொய்ச்சாட்சியாகவே முடியும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பெட்டியைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும் என்பதை, மறுநாள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டபோது அவர் கண்டறிந்தார்.

காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. முறுக்குப் பெருக்கி என்று சொல்லத்தக்க பல்சக்கரப் பெட்டி ஒன்று விற்கிறது. ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதமுடையதை நட்டில் மாட்டினால், கைப்பக்கம் முப்பத்து மூன்று நியூட்டன்-மீட்டர் கொடுக்க, நட்டுப்பக்கம் முந்நூறு வருகிறது. சிறுபிள்ளைகூட முடுக்கிவிடலாம். ஆனால் இயற்கை ஒன்றையும் இனாமாகத் தருவதில்லை. நட்டு ஒரு சுற்றுச் சுற்ற, கை ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். பட்டறைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்து முடுக்குகிறார்களே, அதில் வேகம் உண்டு, அளவு இல்லை. கழற்றுவதற்கு அதைப்போல் ஒரு கருவி வேறில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். கடைசி முடுக்கை அதனிடம் ஒப்படைப்பது தாளிப்பை அளக்காத சமையல்காரரிடம் மருந்து கலக்கச் சொல்வது போன்றது.

எந்த உபாயத்தைக் கைக்கொண்டாலும் வண்டி ஜாக்கியின்மேல் நிற்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முப்பது கிலோகிராம்-மீட்டர் முறுக்கு, ஒற்றைக் காலில் நிற்கும் காரைப் பக்கவாட்டில் சரிக்கப் போதுமானது. சரிந்த காரின்கீழ் கை வைத்திருப்பவரின் கதி சொல்லத் தேவையில்லை. பீட்டிலை வகுத்தவர்கள் இதில் நமக்குச் சலுகை செய்திருக்கிறார்கள். சக்கரம் மாட்டியிருக்கும்போதே நடுத்துவாரத்தின் வழியாக நட்டை எட்டிவிடலாம். ஆகவே வண்டியைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இயலுமானால் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, அதன் பிறகே கம்பியைத் தொட வேண்டும். சாக்கெட் மலிவானதாக இருக்கக் கூடாது. பிளந்த சாக்கெட் கத்திக்குச் சமம்.

முடுக்கி முடித்ததும், ஸ்பிளிட் பின் நுழைய வேண்டிய நட்டின் வெட்டும் அச்சிலுள்ள துளையும் நேருக்கு நேர் வராமல் இருப்பது சர்வ சாதாரணம். அங்கேதான் மனிதனின் சோம்பல் தலைகாட்டும். சற்றே தளர்த்தினால் பின் நுழைந்துவிடும் என்று கை சொல்லும். தளர்த்தவே கூடாது. அடுத்த வெட்டு வரும்வரை மேற்கொண்டு முடுக்க வேண்டும். ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் அறுபது பாகை. மரையின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் ஆதலால், அந்த முழு அறுபது பாகைக்கும் நட்டு முன்னேறுவது கால் மில்லிமீட்டர்தான். பின்னைப் புதிதாகவே போட வேண்டும்; பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் மடக்குவது, ஒரு முறை ஒடியாமல் தப்பியதை மறுமுறையும் சோதிப்பதாகும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லாச் சக்கர நட்டுக்கும் இதுவே விதி என்று கொண்டுவிடலாகாது. அதே பீட்டிலின் முன்சக்கரத்துக்குப் போனால் சாஸ்திரம் தலைகீழாய் மாறிவிடுகிறது. அங்கே உள்ளவை கூம்புவடிவ உருளைகள் கொண்ட பேரிங்குகள். அவற்றின் நட்டை இறுக்கிவிட்டு, பிறகு 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும்படி தளர்த்திவிட வேண்டும். பின்னே ஆறு டன் பிடிப்பு. முன்னே காகிதத் தடிமன் அளவே சந்து. முன்சக்கரத்தில் பின்சக்கரத்து வீரத்தைக் காட்டினால், சில மைல்களுக்குள் பேரிங் நீலம் பாய்ந்து கருகிவிடும். போதாக்குறைக்கு, இடது முன்சக்கரத்தின் மரை இடப்புரி. தெரியாமல் வலுக்கட்டாயமாய்த் திருப்பினவர்கள் பலர்.

இக்காலத்து முன்சக்கர ஓட்டக் கார்களிலோ வேறொரு மரபு. அவற்றின் மைய நட்டுதான் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் ஒன்றோடொன்று நெருக்கி வைக்கிறது. நட்டைத் தளர்த்திய நிலையில் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்குவதும், தள்ளி நகர்த்துவதும் பேரிங்கைக் கெடுத்துவிடும் என்று அவற்றின் கையேடுகள் எச்சரிக்கின்றன. அநேகமாக நட்டின் விளிம்பை அச்சின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கிப் பூட்டியிருப்பார்கள். ஒரு முறை கழற்றினால் அந்த நட்டு குப்பைக்குத்தான். சில கம்பெனிகள் முதலில் இத்தனை முறுக்கு, அதன்மேல் இத்தனை பாகை திருப்பு என்று சொல்வதும் உண்டு. உராய்வு என்னும் நம்பத்தகாத சாட்சியை விலக்கிவிட்டு, அச்சு எவ்வளவு நீண்டது என்பதையே நேராக அளக்கும் தந்திரம் அது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை.

இரண்டாம் முறை முடுக்கியபின் மைத்துனர் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, பின்னைக் கழற்றி, தராசை மறுபடி மாட்டிப் பார்த்தார். நட்டு மேலும் ஒரு சிறு பங்கு நகர்ந்தது. உட்கார வேண்டியவை உட்கார்ந்திருந்தன. அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப் பின்னைச் செருகி, அதன் இரு கால்களையும் மடக்கி, மூடியை உள்ளங்கையால் தட்டிப் பொருத்தினார். குங்குமப் பொடி அதன் பிறகு உதிரவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் மூடியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் மட்டும் நின்றபாடில்லை.

“மாப்பிள்ளை, பார்த்தீங்களா? இப்பச் சுத்தமா இருக்குது” என்று அவர் என்னிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏனுங்க, இந்தத் தராசுக் கொக்கியத் துடைச்சு வெக்கக் கூடாதுங்களா? முழுக்கக் கிரீசா இருக்குது. நாளைக்குப் புள்ள பெட்டியத் தூக்கிப் பார்க்கோணும்.”